பரிணாமமும் பாதிரியாரும்



உயிரியல் வகுப்பில் பரிணாமப் பாடம் தொடங்கும் நாளில் ஒரு சலசலப்பு எழுவதைக் கவனித்திருக்கிறீர்களா? "அப்படியானால் நாமெல்லாம் குரங்கிலிருந்தா வந்தோம்?" என்று பின்வரிசையில் யாராவது ஒருவன் கேட்பான். வகுப்பே சிரிக்கும். ஆனால் சிரிக்காமல் உட்கார்ந்திருக்கும் ஒரு மாணவனோ மாணவியோ அங்கே இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமைதோறும் கோயிலுக்குப் போய், பூசைக்குப் பின் மறைக்கல்வி வகுப்பிலும் உட்காரும் கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளையாக அவர் இருந்தால், அவர் மனத்தில் எழும் கேள்வி வேறு.

"கடவுள் மண்ணால் மனிதனை உருவாக்கி உயிர்மூச்சை ஊதினார் என்று அங்கே படித்தேன். பல இலட்சம் ஆண்டுகளில் படிப்படியாக மனிதன் தோன்றினான் என்று இங்கே படிக்கிறேன். எது உண்மை? பரீட்சைத் தாளில் ஒன்றையும் மனத்தில் மற்றொன்றையும் வைத்துக்கொண்டு காலம் தள்ள வேண்டியதுதானா?"

இந்தக் கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. இதைத் தம் வாழ்நாள் முழுவதும் சுமந்து திரிந்த ஒருவர் இருந்தார். அவர் கத்தோலிக்கப் பாதிரியார். அதே சமயம் மனிதனின் மூதாதையரைத் தேடி மண்ணைத் தோண்டிய விஞ்ஞானி. பெயர் பியேர் தெயார் தெ ஷார்தேன். சுருக்கமாகத் தெயார் என்றே அழைப்போம். அவருடைய கதையைத் தெரிந்துகொண்டால், நம் கேள்விக்கு எந்த அளவு விடை கிடைத்திருக்கிறது, எந்த இடத்தில் இன்னும் முடிச்சு அவிழவில்லை என்பது விளங்கும்.

துருப்பிடித்த இரும்பு

பிரான்ஸ் நாட்டின் நடுப்பகுதியில் ஓவெர்ன் என்ற மலைப் பிரதேசம் இருக்கிறது. அணைந்துபோன பல எரிமலைகள் நிறைந்த இடம். அங்கே 1881ஆம் ஆண்டு மே முதல் நாள் தெயார் பிறந்தார். தாயார் மிகுந்த பக்தியுள்ளவர். தந்தையோ கல், பூச்சி, செடி என்று இயற்கைப் பொருள்களைச் சேகரிப்பதில் ஆர்வம் கொண்டவர்.

சிறுவன் தெயாருக்கு இரும்பின் மேல் ஒரு மோகம். கலப்பையின் இரும்புத் துண்டு ஒன்றை எடுத்து ஒளித்து வைத்துக்கொண்டான். உலகத்தில் எல்லாம் அழிகின்றன, இரும்பு மட்டும் அழியாது என்பது அவன் எண்ணம். ஒரு நாள் அந்த இரும்பும் துருப்பிடிக்கும் என்று தெரிந்தபோது அவனுக்கு ஏற்பட்ட வேதனையைப் பெரியவரான பின்பும் அவர் மறக்கவில்லை. பிறகு இரும்பை விட்டுக் கற்களைச் சேர்க்கத் தொடங்கினான். "அழியாதது எது?" என்று தேடிய பையன், "எல்லாம் எப்படி மாறி வந்தன?" என்று கேட்கும் விஞ்ஞானியாக வளர்ந்தான்.

1899இல் அவர் சேசு சபையில் சேர்ந்தார். ஆசிரியப் பணிக்கும் ஆராய்ச்சிக்கும் பெயர் பெற்ற துறவியர் சபை அது. 1905 முதல் 1908 வரை எகிப்தின் கெய்ரோ நகரத்துப் பள்ளியில் பௌதிகமும் இரசாயனமும் கற்பித்தார். ஓய்வு கிடைத்தபோதெல்லாம் தொல்லுயிர் எச்சங்களைத் தேடிப் போனார். பின்னர் இங்கிலாந்தில் இறையியல் பயின்று 1911இல் குருப்பட்டம் பெற்றார். பரிணாமக் கொள்கை அவர் மனத்தை முழுமையாக ஆட்கொண்டது அந்த இங்கிலாந்து நாட்களில்தான்.

ஏமாற்றிய மண்டையோடு

இங்கிலாந்தில் இருந்தபோதுதான் அவர் ஒரு பெரிய ஏமாற்று வேலைக்கு அருகில் போக நேர்ந்தது. பில்ட்டவுன் என்ற ஊரில் மனித மண்டையோடும் குரங்கின் தாடையும் சேர்ந்தாற்போன்ற ஓர் ஆதி மனிதனைக் கண்டெடுத்துவிட்டதாக சார்லஸ் டாசன் என்பவர் 1912இல் அறிவித்தார். இளம் தெயாரும் அந்தக் குழியில் தேடினார். 1913இல் ஒரு கோரைப்பல் அவர் கையிலேயே கிடைத்தது!

நாற்பது ஆண்டுகள் கழித்து, 1953இல் உண்மை வெளிவந்தது. மண்ணுக்குள் புதைந்த எலும்பு, நிலத்தடி நீரிலிருந்து ஃபுளோரின் என்ற தனிமத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும். எலும்பு பழையதானால் ஃபுளோரின் கூடுதலாக இருக்க வேண்டும். பில்ட்டவுன் எலும்புகளில் அது போதிய அளவு இல்லை. மேலும் சோதித்தபோது, மண்டையோடு அண்மைக் காலத்து மனிதனுடையது என்றும், தாடை ஒராங் உட்டானுடையது என்றும், பற்கள் அரத்தால் தேய்க்கப்பட்டுச் சாயம் ஏற்றப்பட்டவை என்றும் தெரிந்தது. 2016இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, டாசனே இதைச் செய்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தது.

இதை ஏன் இங்கே சொல்கிறேன்? "பரிணாமத்தை நம்புகிறவர்களே பொய் எலும்பு செய்தார்களாமே" என்று யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். செய்தது உண்மை. ஆனால் அந்தப் பொய்யைக் கண்டுபிடித்தவர்களும் பரிணாமத்தை ஆராய்ந்த விஞ்ஞானிகள்தாம். தன் தவற்றைத் தானே சோதித்துத் திருத்திக்கொள்வதுதான் விஞ்ஞானத்தின் பலம்.

மேசையில் கிடந்த சில தாள்கள்

முதல் உலகப் போரில் தெயார் துப்பாக்கி ஏந்தவில்லை. காயமுற்றவர்களைத் தூக்கிச் செல்லும் பணியாளராகப் போர்முனையில் உழைத்து வீர விருதுகள் பெற்றார். போர் முடிந்ததும் படிப்பைத் தொடர்ந்து, 1922இல் பாரிஸ் நகரில் டாக்டர் பட்டம் பெற்றார். அங்கே கத்தோலிக்க உயர்கல்வி நிறுவனத்தில் நிலவியல் கற்பித்தார். மாணவர்கள் அவரை விரும்பினார்கள்.

அந்தக் காலத்தில் அவர் ஒரு சிறு குறிப்பு எழுதினார். அச்சுக்காக எழுதியது அன்று. உடன் பணி செய்தவர்களுக்காக எழுதியது. பொருள், ஜென்மப் பாவம். ஆதாம், ஏவாள் என்ற முதல் பெற்றோர் செய்த பாவத்தின் விளைவு மனித குலம் முழுவதற்கும் வந்தது என்பது கத்தோலிக்கப் போதனை. "மனிதன் படிப்படியாகத் தோன்றினான் என்றால், ஒரே தம்பதி, ஒரே தோட்டம் என்ற சித்திரத்தை எப்படிப் புரிந்துகொள்வது?" என்று அந்தக் குறிப்பு ஆராய்ந்தது. சில தாள்கள்தாம். அவை எப்படியோ ரோமாபுரிக்குப் போய்ச் சேர்ந்தன.

விளைவு கடுமையாக இருந்தது. சபைத் தலைமை கேட்ட வாக்குமூலத்தில் 1925இல் அவர் கையொப்பமிட வேண்டியதாயிற்று. ஆசிரியப் பணி பறிபோயிற்று. நிலவியல் பற்றி எழுதலாம். சமயத்தையும் பரிணாமத்தையும் இணைத்து எழுதி அச்சிடக் கூடாது என்ற நிலை ஏற்பட்டது.

இந்த இடத்தில் நீங்கள் அவராக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? சபையை விட்டு வெளியேறியிருந்தால் விரும்பியதை அச்சிட்டிருக்கலாம். பரிணாமத்தைக் கைவிட்டிருந்தால் நிம்மதியாகப் பாடம் நடத்தியிருக்கலாம். அவர் இரண்டையும் செய்யவில்லை. கையொப்பமிட்டார், சபையில் இருந்தார், பெட்டியைக் கட்டிக்கொண்டு சீனாவுக்குப் புறப்பட்டார். இது துணிவா, பணிவா, பலவீனமா என்று இன்றும் வாதிடுகிறார்கள். அவருக்கு வலித்தது என்பது மட்டும் அவருடைய கடிதங்களிலிருந்து தெளிவாகத் தெரிகிறது.

டிராகன் எலும்புக் குன்று

பீக்கிங் நகருக்குத் தென்மேற்கே ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தொலைவில் சௌகௌதியன் என்ற இடம் இருக்கிறது. அங்குள்ள குன்றுக்கு டிராகன் எலும்புக் குன்று என்று பெயர். மண்ணில் கிடைக்கும் பழைய எலும்புகளை டிராகனின் எலும்புகள் என்று கருதிச் சீன நாட்டு மருந்துக் கடைகளில் பொடியாக்கி விற்பது வழக்கம். விஞ்ஞானிகள் அந்த எலும்புகளைத் தேடிப் போனார்கள். 1927இல் டேவிட்சன் பிளாக் என்ற கனடா நாட்டு மருத்துவ விஞ்ஞானி, அங்கே கிடைத்த பல்லை ஆராய்ந்து 'பீக்கிங் மனிதன்' என்ற இனத்துக்குப் பெயரிட்டார். 1929 டிசம்பர் 2ஆம் நாள் பெய் வென்சோங் என்ற இளம் சீன ஆராய்ச்சியாளர், குகையில் முதல் மண்டையோட்டைக் கண்டெடுத்தார்.

தெயார் அந்த ஆராய்ச்சிக் குழுவின் ஆலோசகர். மண்டையோடு கிடைத்தால் மட்டும் போதுமா? அது எந்த மண்ணடுக்கில் கிடந்தது, அதே அடுக்கில் எந்தெந்த விலங்குகளின் எலும்புகள் உள்ளன என்று தெரிந்தால்தானே அதன் காலத்தைக் கணிக்க முடியும்? மேல் அடுக்கு புதியது, கீழ் அடுக்கு பழையது என்பது நிலவியலின் அடிப்படை விதி. இந்தக் கணிப்பில்தான் தெயார் வல்லவர். சீன விஞ்ஞானிகளோடு சேர்ந்து அந்தக் குன்றின் அடுக்குகளையும் விலங்கு எச்சங்களையும் அவர் ஆராய்ந்தார்.

ஏறத்தாழ 40 பேருடைய எலும்புத் துண்டுகள் அங்கே கிடைத்தன. நம் மூளையின் கொள்ளளவு சராசரியாக 1350 கன சென்டிமீட்டர். பீக்கிங் மனிதனுடையது ஏறக்குறைய 1000. குரங்கை விட மிகப் பெரியது. நம்மை விடச் சிறியது. அவன் நிமிர்ந்து நடந்தான்; கல்லை உடைத்துக் கருவிகள் செய்தான். இன்று அவனை 'ஹோமோ எரக்டஸ்' இனத்தில் சேர்க்கிறார்கள். அந்த எலும்புகளின் காலம் சுமார் 4 இலட்சம் முதல் 7 இலட்சம் ஆண்டுகள் என்று மதிப்பிடப்படுகிறது. மூல எலும்புகள் 1941 டிசம்பரில், போர்க் குழப்பத்தில் காணாமற் போயின. நல்ல வேளையாக அவற்றின் அச்சு வார்ப்புகளும் விரிவான வருணனைகளும் தப்பின.

தெயார் நம் நாட்டுக்கும் வந்திருக்கிறார், தெரியுமா? 1935இல் ஓர் ஆராய்ச்சிக் குழுவோடு காஷ்மீர், பஞ்சாப் பகுதிகளையும் நர்மதைப் பள்ளத்தாக்கையும் ஆராய்ந்தார். அதே நர்மதைக் கரையில், ஹத்னோரா என்ற ஊரில், 1982இல் அருண் சொனாக்கியா என்ற இந்திய நிலவியலாளர் ஓர் ஆதி மனிதனின் மண்டையோட்டைக் கண்டெடுத்தார்.

காலையில் திருப்பலி, பகலில் ஆதி மனிதனின் எலும்பு. ஒரே மனிதர் இரண்டையும் செய்தார்.

ரோமாபுரி என்ன சொல்லிற்று?

இனி நம் கேள்விக்கு நேராக வருவோம். கத்தோலிக்கத் திருச்சபை பரிணாமத்தைப் பற்றி என்னதான் சொல்கிறது?

டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' 1859இல் வெளிவந்தது. கத்தோலிக்கர் படிக்கக் கூடாத நூல்களுக்கு அப்போது ரோமாபுரியில் ஒரு பட்டியல் இருந்தது. அதில் டார்வினின் அந்த நூல் சேர்க்கப்படவே இல்லை. வேடிக்கை என்னவென்றால், அவருடைய பாட்டனார் எராஸ்மஸ் டார்வின் எழுதிய நூல் ஒன்று அதில் இருந்தது! அந்தப் பட்டியல் முறையே 1966இல் கைவிடப்பட்டது. எனினும் பரிணாமத்தை ஆதரித்து எழுதிய கத்தோலிக்கர் பலருக்கு நெருக்கடிகள் வந்தன. தெயாருக்கு நேர்ந்தது அவற்றில் ஒன்று.

இன்னொரு செய்தியையும் நினைவில் வையுங்கள். பண்புகள் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு எப்படி வருகின்றன என்பது டார்வினுக்குத் தெரியாத புதிர். அதன் அடிப்படை விதிகளைப் பட்டாணிச் செடிகளில் சோதித்து 1866இல் வெளியிட்ட கிரிகோர் மெண்டல், ஒரு கத்தோலிக்கத் துறவி. இன்றைய பரிணாமக் கொள்கை டார்வின், மெண்டல் ஆகிய இருவர் தோள்களிலும் நிற்கிறது.

1950இல் போப்பாண்டவர் 12ஆம் பத்திநாதர் ஒரு சுற்றுமடல் வெளியிட்டார். அதில் இரண்டு முக்கியமான செய்திகள் உள்ளன. முதலாவது, மனித உடல் முன்பிருந்த உயிர்ப் பொருளிலிருந்து தோன்றியிருக்கலாமா என்று ஆராய்வதற்குத் தடையில்லை. ஆனால் ஆன்மா கடவுளால் நேரடியாகப் படைக்கப்படுவது. இரண்டாவது, மனித குலம் ஒரே முதல் தம்பதியிலிருந்து வராமல் பலரிடமிருந்து வந்தது என்ற கருத்தை ஏற்க முடியாது. அது ஜென்மப் பாவப் போதனையோடு எப்படிப் பொருந்தும் என்று தெரியவில்லை.

1996இல் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால், வத்திக்கானின் விஞ்ஞானக் கழகத்துக்கு அனுப்பிய செய்தியில் மேலும் ஓர் அடி எடுத்து வைத்தார். பல துறைகளில் தனித்தனியே நடந்த ஆராய்ச்சிகள் ஒரே முடிவில் வந்து சேர்வதால், பரிணாமத்தை வெறும் கருதுகோளாக மட்டும் பார்க்க இயலாது என்று அவர் ஏற்றுக்கொண்டார். 2004இல் வத்திக்கானின் இறையியல் குழு ஒன்று, எல்லா உயிரினங்களும் பொது மூதாதையரிலிருந்து வந்தவை என்பது ஏறத்தாழ உறுதியானது என்று எழுதியது. 2014இல் போப்பாண்டவர் பிரான்சிஸ், பரிணாமம் படைப்பு என்ற கருத்துக்கு முரணானது அன்று என்றும், கடவுளை மந்திரக்கோல் ஏந்திய வித்தைக்காரராக நினைக்கலாகாது என்றும் பேசினார்.

ஆகவே, "பரிணாமத்தை ஏற்றால் கத்தோலிக்கனாக இருக்க முடியாது" என்று யாராவது சொன்னால், அது அந்தத் திருச்சபையின் நிலை அன்று. ஆதியாகமத்தின் ஆறு நாட்களையும் ஆறு இருபத்துநான்கு மணி நேரமாகக் கொள்ளத் தேவையில்லை என்பதும் புதிய கருத்தன்று. ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த புனித அகுஸ்தீனே அந்த நாட்களை அப்படிக் கொள்ளவில்லை.

விளைச்சலுக்குக் காரணம் எது?

"கடவுள் படைத்தார் என்றும் சொல்கிறார்கள், இயற்கைத் தேர்வால் தோன்றியது என்றும் சொல்கிறார்கள். இரண்டும் எப்படி ஒன்றாக உண்மையாக இருக்கும்?" என்று கேட்பீர்கள். நம்பிக்கையுள்ளவர்கள் இதை விளக்கும் வழியை ஓர் உதாரணத்தால் பார்ப்போம்.

ஓர் உழவர் அறுவடை முடிந்ததும், "கடவுள் புண்ணியத்தில் இந்த முறை நல்ல விளைச்சல்" என்கிறார். வேளாண்மை அதிகாரி வந்து, "புதிய விதை, காலத்தில் பெய்த மழை, தழைச்சத்து, இவைதாம் காரணம்" என்கிறார். இருவரும் சண்டை போட்டுக்கொள்கிறார்களா? இல்லை. அதிகாரி சொல்வது அளந்து பார்க்கக்கூடிய காரணம். உழவர் சொல்வது நன்றியுணர்வு. எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு மூலம் உண்டு என்ற நம்பிக்கை. அதைத் தராசில் வைத்து உண்டென்றும் இல்லையென்றும் சொல்ல அதிகாரியால் இயலாது.

ஆனால் உழவர், "நான் விதைக்கவே இல்லை, தானாக விளைந்தது" என்று சொன்னால்? அப்போது அதிகாரி வயலைத் தோண்டிப் பார்த்து, "இல்லை ஐயா, இதோ விதையின் மிச்சம்" என்று காட்டலாம். அங்கே சண்டை வரும். அதில் வயலின் சாட்சியம்தான் வெல்லும். அதே போல அதிகாரியும், "தழைச்சத்தை அளந்துவிட்டேன்; ஆகவே கடவுள் இல்லை என்று நிரூபித்துவிட்டேன்" என்று சொன்னால், அவர் தம் கருவி அளக்காததைப் பேசுகிறார்.

பரிணாமத்துக்கான சாட்சியம் வயலில் கிடக்கும் விதை போன்றது. முதலில், பின்வரிசை நண்பனின் கேள்விக்கு விடை: நாம் இன்றைய குரங்கிலிருந்து வரவில்லை; நமக்கும் சிம்பன்சிக்கும் பல இலட்சம் ஆண்டுகளுக்கு முன் ஒரு பொது மூதாதை இருந்தது. அதற்கு ஒரே ஒரு சான்று சொல்கிறேன். சிம்பன்சிக்கு 24 ஜோடிக் குரோமோசோம்கள், நமக்கு 23. ஒரு ஜோடி எங்கே போயிற்று? நம்முடைய இரண்டாம் குரோமோசோமை ஆராய்ந்தால், சிம்பன்சியின் இரு குரோமோசோம்கள் முனையோடு முனை ஒட்டியது போன்ற அமைப்பு தெரிகிறது. முனையில் மட்டுமே இருக்க வேண்டிய டி.என்.ஏ. வரிசை, நடுவில் ஒட்டுப்போட்ட தழும்பு போல் கிடக்கிறது! தெயார் உயிரோடு இருந்தபோது இது யாருக்கும் தெரியாது.

அவிழாத முடிச்சு

அப்படியானால் எல்லாம் சுமுகமாக முடிந்துவிட்டதா? இல்லை. 1950ஆம் ஆண்டுச் சுற்றுமடலின் இரண்டாவது செய்தியை மறக்க வேண்டாம். அங்கேதான் இன்றும் முடிச்சு இருக்கிறது.

இன்றைய மனிதர்களின் டி.என்.ஏ.யில் காணும் வேறுபாடுகளைக் கணக்கிட்டு, முற்காலத்தில் நம் மூதாதையர் எத்தனை பேர் இருந்தார்கள் என்று மதிப்பிடலாம். மக்கள் தொகை மிகச் சுருங்கிய காலத்திலும் ஆயிரம் பேருக்கு மேல் இருந்திருக்க வேண்டும் என்பதே அந்தக் கணக்குகள் காட்டும் முடிவு. இரண்டே பேரிலிருந்து மனித குலம் முழுவதும் கிளைத்தது என்பதற்கு மரபியலில் ஆதாரம் இல்லை.

"ஆனால் விஞ்ஞானிகளே ஏவாளைக் கண்டுபிடித்ததாகச் செய்தி வந்ததே?" என்று உங்களில் சிலர் கேட்கலாம். நம் உயிரணுக்களில் உள்ள மைட்டோகாண்டிரியா தாய் வழியாக மட்டுமே வருவது. அதைப் பின்னோக்கித் தொடர்ந்தால், சுமார் 2 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவில் வாழ்ந்த ஒரு பெண்ணில் போய் முடிகிறது. அவருக்கு ஏவாள் என்று செல்லப் பெயர் வைத்தார்கள். இதைப் புரிந்துகொள்ள ஒரு கற்பனை செய்யுங்கள். ஒரு கிராமத்தில் நூறு பெண்கள். ஒவ்வொருவரிடமும் ஒரு சங்கிலி. அதைத் தாய் மகளுக்கு மட்டுமே கொடுக்க வேண்டும். மகள் இல்லாதவரின் சங்கிலி அத்தோடு நின்றுவிடும். பல தலைமுறைகள் கழித்து ஊரில் உள்ள சங்கிலிகள் எல்லாம் ஒரே பாட்டியிடமிருந்து வந்தவையாக இருக்கும். அதனால் அந்தப் பாட்டி காலத்தில் வேறு பெண்களே இல்லை என்று ஆகிவிடுமா? மற்ற பாட்டிகளின் பேரர்களும் ஊரில் இருப்பார்கள். அவர்களுடைய சங்கிலிதான் இல்லை. விஞ்ஞானிகள் சொல்லும் ஏவாள், அந்தப் பாட்டியைப் போன்றவர்.

கத்தோலிக்க இறையியலாளர்கள் இந்த முடிச்சைப் பல வழிகளில் அவிழ்க்க முயல்கிறார்கள். ஆதாம் என்பது முதல் மனித சமுதாயத்தின் அடையாளப் பெயர் என்கிறார்கள் சிலர். பெரிய ஒரு கூட்டத்தில் ஆன்மா பெற்ற முதல் தம்பதி இருந்திருக்கலாம், அவர்கள் வழியினர் பிறரோடு கலந்து எங்கும் பரவியிருக்கலாம் என்கிறார்கள் வேறு சிலர். 1992இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூல், ஆதியாகமத்தின் மூன்றாம் அதிகாரம் உருவக மொழியில் பேசுகிறது என்று ஒப்புக்கொள்கிறது. ஆயினும் மனித வரலாற்றின் தொடக்கத்தில் உண்மையாகவே ஒன்று நிகழ்ந்தது என்றும் வற்புறுத்துகிறது. 1922இல் தெயார் சில தாள்களில் கேட்ட கேள்வி இதுவேதான். அன்று அதைக் கேட்டதற்காக அவர் நாற்காலியை இழந்தார். இன்று இறையியல் கல்லூரிகளிலேயே அதை விவாதிக்கிறார்கள்.

விஞ்ஞானிகளும் கடிந்தார்கள்

தெயார் சொன்னதெல்லாம் சரி என்று நினைத்துவிடாதீர்கள். பீக்கிங்கில் இருந்தபோது 'மனிதப் புலப்பாடு' பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். பரிணாமம் முழுவதும் ஓர் இலக்கை நோக்கி, உணர்வு மேன்மேலும் பெருகும் திசையில் நகர்கிறது என்பது அதன் சாரம். அதை அச்சிட அனுமதி கேட்டு 1948இல் ரோமாபுரிக்கே போனார். கிடைக்கவில்லை. பாரிசில் அவருக்கு வரவிருந்த பெரும் பேராசிரியர் பதவியை ஏற்கவும் அனுமதி கிடைக்கவில்லை. கடைசி ஆண்டுகளை நியூயார்க்கில் கழித்தார். தம் கையெழுத்துப் பிரதிகளை நம்பிக்கைக்குரிய ஓர் அம்மையாரிடம் ஒப்படைத்தார்.

1955 ஏப்ரல் 10ஆம் நாள் அவர் காலமானார். அன்று ஈஸ்டர் ஞாயிறு. அடக்கத்துக்கு வந்தவர்கள் மிகச் சிலரே. அதே ஆண்டில் நூல் அச்சேறிற்று, உலகெங்கும் பரவிற்று. கடவுள் நம்பிக்கை இல்லாத உயிரியலாளர் ஜூலியன் ஹக்ஸ்லி அதன் ஆங்கிலப் பதிப்புக்குப் பாராட்டி முன்னுரை எழுதினார். நோபல் பரிசு பெற்ற பீட்டர் மெடவார் 1961இல் அதை மிகக் கடுமையாகத் தாக்கி எழுதினார். இயற்கைத் தேர்வுக்கு முன்கூட்டிய இலக்கு கிடையாது. இலக்கு உண்டு என்பது தெயாரின் நம்பிக்கையே தவிர எலும்புகள் சொன்ன செய்தி அன்று என்பதே பெரும்பாலான உயிரியலாளரின் கருத்து. 1962இல் ரோமாபுரியும் அவர் நூல்களில் குழப்பங்களும் பிழைகளும் உள்ளதாக எச்சரித்தது. 2017இல் வத்திக்கானின் பண்பாட்டு மன்றத்தினரே அந்த எச்சரிக்கையை நீக்குமாறு போப்பாண்டவரை வேண்டிக்கொண்டார்கள்.

பார்த்தீர்களா? பெரிய எதிர்ப்பு எழுந்தது அவருடைய எலும்பு ஆராய்ச்சிக்கு அன்று. எலும்பு சொல்லாததை அவர் சொன்ன இடத்தில் விஞ்ஞானிகள் கடிந்தார்கள். திருச்சபை சொல்லாததை அவர் சொன்ன இடத்தில் இறையியலாளர்கள் கடிந்தார்கள்.

வகுப்பில் சிரிக்காமல் உட்கார்ந்திருந்த அந்த மாணவருக்கு இனி என்ன சொல்லலாம்? பரிணாமம் நடந்ததா என்று மண்ணடுக்கையும் டி.என்.ஏ.யையும் கேளுங்கள். நடந்தது என்று அவை தெளிவாகச் சொல்கின்றன. இந்துவுக்கும் கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் நாத்திகருக்கும் ஒரே விடைதான். அதற்குப் பின்னால் ஒரு படைப்பாளி உண்டா, மனித வாழ்வுக்குப் பொருள் உண்டா என்ற கேள்வியை எந்த அடுக்கைத் தோண்டினாலும் தீர்க்க முடியாது. அங்கே ஒவ்வொருவரும் தாமே சிந்திக்க வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று தொடும் இடங்களும் உண்டு. அங்கே முடிச்சு இருப்பதை மறைக்காமல் ஒப்புக்கொள்வதுதான் நேர்மை.

பரீட்சைத் தாளில் ஒன்று, மனத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டையும் ஒரே மனத்தில் வைத்து, கேள்வியைக் கைவிடாமல் இருக்க முடியும். அது எளிதன்று என்பதை டிராகன் எலும்புக் குன்றில் வேலை செய்த அந்தப் பாதிரியாரின் வாழ்க்கை காட்டுகிறது. அடுத்த முறை பின்வரிசை நண்பன் குரங்கைப் பற்றிக் கேட்டுச் சிரித்தால், இரண்டாம் குரோமோசோமின் கதையை அவனுக்குச் சொல்லுங்கள்.